புழங்காத நாணயமும் தரச் சான்றும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலம் புகுந்த தமிழ்க் குடும்பங்கள் தம்முடன் எடுத்துச் சென்ற பொருள்கள் மிகச் சிலவே. பித்தளைப் பாத்திரங்கள், இரண்டொரு நகை, குலதெய்வத்தின் படம் ஆகியவற்றோடு பல வீடுகளில் ஒரு சிறிய தகரப் பெட்டியோ சுருக்குப் பையோ உடன் சென்றது. அதனுள் விக்டோரியா அரசியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் சில இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் மன்னர்களின் ரூபாய்கள் இருக்கும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த ‘நயா பைசா’க் காசுகளும் ஒரு பொட்டலமாக இருக்கும். பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜிநகரிலும், அதற்கப்பால் கோலார் தங்கவயலிலும், மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் பலருடைய வீடுகளில் அப்பெட்டி இன்று பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது.

வந்த இடத்தில் அதற்கு மூன்று வகை ஆபத்துகள் காத்திருக்கின்றன. கறுத்துப் போன வெள்ளியைக் கண்டு, நல்லெண்ணத்தோடு புளியிட்டுத் துலக்குவோர் உண்டு. ‘பழைய காசுதானே’ என்று நகைக்கடையில் வெள்ளி எடைக்கு விற்றுவிடுவோர் உண்டு. ‘இக்காசுக்குச் சான்று வாங்கினால் இலட்சக்கணக்கில் விலை போகும்’ என்ற சொல்லை நம்பிக் கைப்பணத்தைச் செலவிடுவோரும் உண்டு. முதல் இரண்டும் அறியாமையால் வருவன. மூன்றாவது அரைகுறை அறிவால் வருவது. ஆகவே, புழங்காத நாணயம் என்பது யாது, அதன் தரத்தை நாமே ஓரளவு மதிப்பிடுவது எங்ஙனம், பணம் கொடுத்துத் தரச் சான்று பெறுவது எப்பொழுது தகும் என்பனவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

அக்கசாலையில் அச்சிடப்பட்டு வெளிவந்த பின்னர், வாணிகத்தில் கை மாறித் தேயாத காசையே புழங்காத நாணயம் என்கிறோம். வணிகர்கள் இதனை ‘யு.என்.சி.’ என்று சுருக்கமாகக் குறிப்பர். நாணயத்தின் வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நூறாண்டு கடந்த ரூபாய் ஒன்று பெட்டியின் அடியிலேயே கிடந்து புழங்காததாக இருக்கலாம். சென்ற ஆண்டு வெளிவந்த காசு ஒன்று ஆறு மாதம் பேருந்து நடத்துநர் பையில் உருண்டு தேய்ந்ததாக இருக்கலாம். ‘புழங்காதது’ என்பதற்குக் ‘குறையற்றது’ என்று பொருள் கொள்வதும் தவறு. அக்கசாலையிலேயே காசுகள் எந்திரத்திலிருந்து தொட்டியில் விழுகின்றன, பைகளில் கொட்டப்படுகின்றன, ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் முகத்தில் மோதுகிறது. இங்ஙனம் பட்ட சிறு காயங்களைப் ‘பைத் தழும்பு’ எனலாம். தேய்வு இல்லை, ஆனால் தழும்பு உண்டு என்ற நிலையில்தான் புழங்காத நாணயங்களுக்குள்ளேயே உயர்வு தாழ்வு பிறக்கிறது.

காசை ஆராய்ந்து தரம் சொல்வது நமக்குப் புதிய தொழில் அன்று. பழந்தமிழ் நாட்டில் நாணயம் நோட்டம் பார்ப்போனுக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். சங்கப் புலவர் சிலருடைய பெயர்களிலேயே அச்சொல் இடம் பெற்றிருக்கிறது; வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் கடைவீதிச் சராப்பு அத்தொழிலைச் செய்தார். அவர் காசைச் சுண்டி ஓசை கேட்பார். உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். சில வேளைகளில் தம் முத்திரையையும் அதன்மேல் குத்திவிடுவார். உலோகம் தூயதா, எடை சரியா என்பதே அவர் கேள்வி. காசின் முகம் கெடுவது அவருக்குப் பொருட்டன்று. இன்றைய தர ஆய்வாளர் கேட்பது வேறு கேள்வி. காசு மெய்யானதா, அக்கசாலையை விட்டு வந்த நாளின் முகம் இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்றே அவர் பார்க்கிறார். ஆதலால் சராப்புக் கடை முறைகளை இன்று நாம் கையாளுதல் கூடாது. கல்தரையில் காசைப் போட்டு ஓசை கேட்டால், ஐயம் தீருகிறதோ இல்லையோ, விளிம்பு நசுங்குவது உறுதி.

தரத்தை எண்ணால் குறிக்கும் முறை அமெரிக்காவில் தோன்றியது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருஞ்செப்புக் காசுகளைப் பற்றி எழுதிய நூலில் 1 முதல் 70 வரையிலான ஓர் அளவுகோலை வகுத்தார். அது முதலில் விலைக் கணக்காகவே பிறந்தது. அடையாளம் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்த காசின் விலை ஒரு மடங்கு என்றால், குறையற்ற காசின் விலை எழுபது மடங்கு என்பது அவர் கருத்து. விலைகள் பின்னர் வேறு வழியில் சென்றுவிட்டன. எண்கள் மட்டும் நிலைத்தன. இன்று 50 முதல் 58 வரை ‘ஏறத்தாழப் புழங்காதது’. 60 முதல் 70 வரை ‘புழங்காதது’. 60 என்றால் தேய்வு இல்லை, ஆயினும் தழும்புகள் நிறைய, ஒளி மங்கல். 63 என்றால் ஏற்கத்தக்க அழகு. 65 என்றால் சிறந்த ஒளியும் மிகச் சில தழும்புகளும். 70 என்றால் ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியிலும் குறை தென்படாத நிலை.

இவ்வெண்களை வழங்கும் தனி நிறுவனங்கள் பின்னர் எழுந்தன. அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். என்பது 1986-இலும், என்.ஜி.சி. என்பது 1987-இலும் தொடங்கப்பட்டன. இவை நாணயத்தை ஆராய்ந்து, எண் குறித்த சீட்டோடு, ஒட்டி மூடிய தெளிவான பிளாஸ்டிக் பேழையில் வைத்துத் திருப்பித் தருகின்றன. இப்பேழையையே வணிகர் ‘ஸ்லாப்’ என்பர். நம் நாட்டிலும் இத்தகைய சேவை அளிப்போர் உளர். இவர்கள் வழங்குவது அரசாங்க முத்திரை அன்று. பயின்ற கண்களின் கருத்து என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஒரே நாணயத்தை மறுமுறை அனுப்பியபொழுது வேறு எண் கிடைத்ததும் உண்டு.

இனி, வீட்டிலேயே தரத்தை மதிப்பிடும் முறையைக் காண்போம். இதற்கு வேண்டியவை மேசை விளக்கு ஒன்று, ஐந்து முதல் பத்து மடங்கு வரை பெருக்கும் பூதக்கண்ணாடி ஒன்று, கீழே விரிக்க மெல்லிய துணி ஒன்று. குழல் விளக்கு உதவாது. அதன் ஒளி பரவிக் குறைகளை மறைத்துவிடும். ஓரிடத்திலிருந்து வரும் ஒற்றை ஒளியே தக்கது. காசை விளிம்பில் மட்டும் இரு விரல்களால் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் பதிந்து, சில திங்களில் நீங்காத கறையாகிவிடும்.

முதலில் ஒளியைப் பார்க்க வேண்டும். அச்சு ஓங்கி அழுத்தும்பொழுது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மிக நுண்ணிய கோடுகளாக ஓடிப் படிகிறது. அக்கோடுகளே புதுக்காசின் பளபளப்புக்குக் காரணம். விளக்கின்கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஒளிக்கற்றைகள் முகத்தில் சுழன்று வரும். அச்சுழல் எங்கும் அறுபடாமல் வந்தால் காசு புழங்காதது என்று பெரும்பாலும் கருதலாம். தேய்ந்த காசில் இக்கோடுகள் மழுங்கிவிடுவதால் சுழல் இடையிடையே அற்றுப் போகும்.

இரண்டாவதாக, காசின் மேட்டுப் பகுதிகளைப் பார்க்க வேண்டும். தேய்வு முதலில் மேட்டையே தாக்கும். விக்டோரியா ரூபாயில் கன்னமும் தலைமுடியும், மன்னர்களின் ரூபாய்களில் மகுடமும் காதும் புருவமும் இத்தகைய இடங்கள். அங்கே மட்டும் நிறம் மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் காசு சிறிதேனும் புழங்கியதாகும். இவ்விடத்தில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. அச்சு சரியாக அழுந்தாமையாலும் மேட்டுப் பகுதி தெளிவின்றி இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒளியே துணை: தெளிவில்லாத இடத்திலும் ஒளிச்சுழல் தடையின்றிச் சென்றால் அது அச்சின் குறை, ஒளி அங்கே நின்றுவிட்டால் அது தேய்வு.

மூன்றாவதாக, தழும்புகளை எண்ணுவதோடு அவை இருக்கும் இடத்தையும் நோக்க வேண்டும். கன்னத்தின் நடுவில் உள்ள ஒரு வெட்டு, விளிம்போரம் எழுத்துகளுக்கிடையே மறைந்துள்ள மூன்று வெட்டுகளினும் தரத்தை மிகுதியாகக் குறைக்கும். நான்காவதாக, நிறத்தைக் காண வேண்டும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து பொன்னிறமாகவும், நீலமாகவும், பின் கறுப்பாகவும் மாறுகிறது. இயல்பாக ஏறிய இந்நிறம் குறையன்று. அழகாக இருந்தால் அதற்கே கூடுதல் விலை தருவோரும் உளர். செப்புக் காசுகளில் அச்சிட்ட நாளின் செந்நிறம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்து, சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என மூவகையாகக் குறிப்பர்.

இந்த அளவுகோல் எந்திர அச்சுக் காசுகளுக்கே நன்கு பொருந்தும். மைசூர் அரசின் அக்கசாலை 1833-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டு 1843 வரை இங்கே இயங்கியது. இத்தகைய பழைய சாலைகளில் கையால் அடித்த செப்புக் காசுகளில் அச்சு ஒருபுறம் ஒதுங்கியிருப்பதும் எழுத்துப் பாதி வெட்டுண்டிருப்பதும் இயல்பு. அவற்றை வாங்குவோர் அச்சு எவ்வளவு நடுவில் விழுந்திருக்கிறது, எழுத்து எவ்வளவு முழுமையாக உள்ளது என்றே முதலில் பார்ப்பர். எழுபதில் எத்தனை என்ற கேள்வி பின்னரே வரும்.

தரத்தை அடியோடு வீழ்த்தும் குறைகள் நம் வீட்டுப் பழக்கங்களாலேயே வருகின்றன. வெள்ளிச் சாமான்களைப் புளியாலும் திருநீற்றாலும் பல்பொடியாலும் துலக்குவது நம் மரபு. குத்துவிளக்குக்கு ஏற்ற அம்முறை நாணயத்துக்கு நஞ்சு. துலக்கிய காசு பளிச்சென்று தோன்றினாலும், ஒளி தந்த நுண்கோடுகள் அழிந்துவிடுகின்றன. அவற்றின் இடத்தில் தேய்த்த கீறல்கள் மயிரிழை போலப் படிகின்றன. தர நிறுவனங்கள் இத்தகைய காசுக்கு எண் தருவதில்லை. ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்பை மட்டும் எழுதித் திருப்புவர். பூசையில் வைத்துக் குங்குமம் இட்ட காசும், காசுமாலைக்காக வளையம் பற்றவைத்துப் பின்னர் அதனை அறுத்தெடுத்த காசும் இந்நிலையே எய்தும். தாயோ பாட்டியோ அணிந்த மாலையின் மதிப்பு வேறு. அது குடும்பத்தின் உடைமை. நாணயச் சந்தையின் அளவுகோலால் அதனை அளக்க வேண்டுவதில்லை.

இனி, சான்று பெறுவது தகுமா என்ற கேள்விக்கு வருவோம். மூன்று நாணயங்களை எடுத்துக்கொண்டு பார்த்தால் விடை தெளிவாகும்.

முதலாவது, 1995-ஆம் ஆண்டு தஞ்சாவூரில் நடைபெற்ற எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவத்தோடு வெளிவந்த நாணயம். வெளிமாநிலத் தமிழர் பலர் இதனைப் பெருமையோடு பாதுகாத்து வருகின்றனர். புழங்காத நிலையிலும் இது எளிதில் கிடைப்பது, விலையும் குறைவு. இதற்குச் சான்று பெறும் கட்டணம், நாணயத்தின் விலையைப்போல் பல மடங்காகும். எவ்வளவு உயர்ந்த எண் கிடைத்தாலும் எளிதிற் கிடைக்கும் காசு அரிய காசாகிவிடாது. தரம் வேறு, அருமை வேறு. எத்தனை பேரிடம் அக்காசு இருக்கிறது, எத்தனை பேர் அதனைத் தேடுகிறார்கள் என்பதே விலையை முதலில் முடிவு செய்கிறது. ஆகவே இதனை நல்ல உறையிலிட்டு வைத்துக்கொள்வதே போதும்.

இரண்டாவது, 1939 என்று ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். இது மிக அரியது. ஆனால் 1938 ரூபாய் தாராளமாகக் கிடைப்பது. ஆகையால் 1938-இன் கடைசி எண்ணைச் செதுக்கி ஒன்பதாக்கும் மோசடி நெடுங்காலமாக உண்டு. இரண்டிலும் வெள்ளி 91.7 விழுக்காடு, எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். எனவே தராசும் உரைகல்லும் இங்கே ஒன்றும் சொல்லமாட்டா. ஒன்பதைச் சுற்றிலும் கருவி பட்ட தடம் இருக்கிறதா, எண்ணின் வடிவம் மெய்யான காசோடு ஒத்திருக்கிறதா என்பதைப் பயின்ற கண்களே காண முடியும். இத்தகைய காசு கையில் இருந்தால் சான்று பெறுதல் தகும் என்பது மட்டுமன்று. சான்றின்றி விற்பதும் வாங்குவதும் அறிவுடைமை ஆகாது. இங்கே நாம் பணம் கொடுப்பது எண்ணுக்காக அன்று, மெய்ம்மைக்காக.

மூன்றாவது, 1911-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் அங்கியில் பொறித்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்ததால், அது பன்றியைப் போலத் தோன்றுகிறது என்று மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. அரசாங்கம் வெளியீட்டை நிறுத்தி, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அமைத்தது. அச்சிட்ட ஏறத்தாழ 94 இலட்சம் காசுகளில் சுமார் 7 இலட்சமே வெளிச்சென்றன என்று நாணயவியல் நூல்கள் கூறும். ‘பன்றி ரூபாய்’ என்று வழங்கும் இதனைச் சேகரிப்போர் பலர் விரும்புகின்றனர். புழங்காத நிலையில் உள்ளதற்கும் தேய்ந்ததற்கும் விலை வேற்றுமை பெரிது. ஆதலால் தரச் சான்று பயன் தரக்கூடும். ஆனால் இங்கே சட்டம் குறுக்கிடுகிறது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள் ஆகும். அதனைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்புதல் குற்றம். சான்று பெறுவதற்காகவே அனுப்புகிறோம், திரும்பி வந்துவிடும் என்று கூறுவதால் தடை நீங்காது. ஆகவே 1911 ரூபாயை அமெரிக்காவுக்கு அஞ்சலில் அனுப்புதல் கூடாது. அங்கே உறவினர் இருக்கிறார் என்று பயணிப்போர் கையில் கொடுத்தனுப்புவதும் அவரைச் சுங்க அதிகாரிகள்முன் நிறுத்தும் செயலாக முடியலாம். இந்த நூறாண்டு எல்லை ஆண்டுதோறும் ஓராண்டு முன்னேறுகிறது. இன்று புறத்தே நிற்கும் 1939 ரூபாயும் 2039-இல் அதனுள் வந்துவிடும். நூறாண்டு கடந்தவற்றுக்கு உள்நாட்டில் கிடைக்கும் சேவையையே நாட வேண்டும். நூறாண்டு ஆகாதவற்றை அனுப்பும்பொழுதும் சுங்க விதிகளை முன்னரே கேட்டறிதல் நலம்.

மண்ணில் கிடைத்த காசுக்கு இன்னொரு சட்டம் உண்டு. பெங்களூரின் யஷ்வந்த்பூரில் 1891-இலும், விமான நிலையப் பகுதியில் 1965-இலும் உரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் கிடைத்தன. அடித்தளம் தோண்டும்பொழுது இத்தகைய காசு எவருக்கும் அகப்படலாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். அதற்குத் தரச் சான்று தேடிப் புறப்படுதல் முறையன்று.

சட்டத் தடை இல்லாத இடத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் எடுத்துக்காட்டுக்காகவே என்று கொள்வோம். ஒரு ரூபாய் நாணயத்துக்கு வணிகர் சான்று இல்லாமலே 20,000 ரூபாய் தருகிறார். 65 என்ற எண் கிடைத்தால் 35,000 பெறலாம். 63 கிடைத்தால் அதே 20,000-தான். கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்ந்து 4,000 ஆகிறது. 65 கிடைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று என்றால், எதிர்பார்க்கக்கூடிய மிகுதி 7,500. செலவு போக 3,500 நிற்கும். வாய்ப்பு ஐந்தில் ஒன்றே என்றால், எதிர்பார்க்கும் மிகுதி 3,000, செலவோ 4,000. சான்று நட்டத்தையே தரும். இக்கணக்கில் மிகவும் வழுக்கும் இடம் நம் மதிப்பீடுதான். தன் காசு தனக்குப் பொன் காசாகத் தோன்றுவது மனித இயல்பு. ஆதலால் நாம் 65 என்று நினைப்பதை 63 என்றும், 63 என்று நினைப்பதை 61 என்றும் வைத்துக் கணக்கிட்டால் ஏமாற்றம் குறையும். அவ்வாறு குறைத்துக் கணக்கிட்ட பின்னும் மிகுதி நிற்குமானால் துணிந்து அனுப்பலாம்.

ஆகச் சான்றுக்குச் செலவிடும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காசு மெய்யானதா என்பதில் பொருட்படுத்தத்தக்க ஐயம் உண்டா? தரத்தின் ஓரிரு படிகளுக்கிடையே உள்ள விலை வேற்றுமை செலவைவிட மிகுதியா? சட்டம் இடம் தருகிறதா? முதலிரண்டில் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்ற விடையும், மூன்றாவதற்கு ஐயமற்ற ‘ஆம்’ என்ற விடையும் வேண்டும். இன்னொரு காரணமும் சில குடும்பங்களுக்கு உண்டு. உடன்பிறந்தோர் பலர் பாகம் பிரிக்கும் வேளையில், விலை மிகுந்த காசு ஒன்றைப் பற்றி ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாத நிலை வரலாம். அப்பொழுது நடுநின்றவர் ஒருவரின் சான்று, விலையை உயர்த்தாவிடினும், மனத்தாங்கலைத் தவிர்க்கும். அப்பயனுக்காகச் செலவிடுவது வீண் அன்று.

ஏமாற்றுக்காரரைப் பற்றியும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பழைய காசு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, ‘வரி’, ‘கழிவு’, ‘சான்றுக் கட்டணம்’ என்று முன்பணம் பறிப்போர் பெருகியுள்ளனர். தான் இத்தகைய வாணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், இதற்காகக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பொதுமக்களுக்கு அறிவித்தது. விற்கும் முன்னரே நம்மிடம் பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர் என்று அறிக. மேலும், 1818 என்ற ஆண்டும் இராமர், அனுமார் உருவங்களும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு என்று சொல்லிக் காட்டப்படுபவற்றைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. அவை பக்தர்களுக்காகச் செய்த வில்லைகள். வழிபாட்டுக்கு உரியன, முதலீட்டுக்கு உரியன அல்ல. பிளாஸ்டிக் பேழைகளிலும் போலிகள் வந்துவிட்டன. ஆதலால் பேழையோடு வாங்குவோர், அதில் உள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையப் பதிவில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.

சான்று பெறினும் பெறாவிடினும் எல்லோரும் செய்யக்கூடியது பாதுகாப்பு. காசுகளை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் வைக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலம் கசிந்து காசின்மேல் பச்சைப் பிசின் படியச் செய்யும். பாலியெஸ்டர் உறைகளே ஏற்றவை. இரப்பர் வளையமும் செய்தித்தாளும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கடற்காற்று வீசும் சென்னையிலும் மும்பையிலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் இடுதல் நலம். பெங்களூரிலும் மழைக்காலத்தில் அது வேண்டியதே. கண் பழகுவதற்கு அருங்காட்சியகங்கள் உதவும். விடுமுறையில் ஊர் செல்வோர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைக் குழந்தைகளோடு காணலாம். பெங்களூரில் நடைபெறும் நாணயக் கண்காட்சிகளில் வாங்காமலே சுற்றி வந்து, மெய்க்காசு பலவற்றைப் பார்த்துப் பழகலாம்.

இறுதியாக ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு காசின் ஆண்டையும், எடையையும், நம் மதிப்பீட்டையும், அது யார் வழியாக வந்தது என்பதையும் எழுதி வைப்போம். இவர் தாத்தா தங்கவயலில் பெற்ற கூலியில் மிச்சம் பிடித்தது, இவர் பாட்டி சீதனமாகக் கொண்டு வந்தது என்ற செய்திகளை எந்த நிறுவனமும் சீட்டில் எழுதித் தாராது. நாம் எழுதாவிட்டால் அவை நம்மோடு மறைந்துவிடும். விற்க வேண்டிய தேவை வரும் நாளில் அக்குறிப்பு நியாயமான விலை கேட்கத் துணை செய்யும். விற்காமல் வைத்திருக்கும் வீடுகளில், பெட்டியில் இருப்பது இன்னதென்று அடுத்த தலைமுறை அறிந்துகொள்ளும், அறிந்த பொருளை எவரும் புளியிட்டுத் துலக்கமாட்டார், எடைக்கும் போடமாட்டார்.